முறை என்று நான் சொன்ன சொல்

மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றாவதிலும் தவறினால் பெயர் நீக்கப்படும். உச்சிப்புளி செல்லும் சாலையில் இருந்த எங்கள் கல்லூரியின் மாலைநேர மென்பொருள் பட்டயப் படிப்புக்கு அதுவே விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்தவன் நான். பசை தடவி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவனும் நான். ஒட்டுகையில் தாள் கோணலாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அந்த விதியின் விளிம்பில் வந்து நின்றவர் சிக்கல் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெண்மணி. முப்பத்தெட்டு வயது. கணவர் மிளகாய் விவசாயம் செய்தார். இவர் இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியராக இருந்து, கணினியில் விவரங்களை ஏற்றிவந்தார். தற்காலிக ஊழியர்களை நிலைப்படுத்தப் போவதாகவும், பட்டயச் சான்றிதழ் இல்லாதோர் அந்த ஆண்டின் முடிவில் விலக்கப்படுவர் என்றும் அலுவலகத்திற்கு ஆணை வந்திருந்தது. செய்முறைத் தேர்வில் அவர் இரண்டு தடவை தோற்றிருந்தார். மூன்றாவது தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

இரண்டு தடவையும் அவருக்குப் பாடம் நடத்தியவன் நான்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுபோயிற்று. தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் பல்லாண்டுகள் கழித்தேன். பயிலகத்துக்குக் கணினி ஒன்று வந்து இறங்கியபோது, அதனோடு வந்த தடித்த ஆங்கில நூலை அகராதியின் துணையால் வரி வரியாகப் படித்து, எவரிடமும் கேளாமல் நிரல் எழுதக் கற்றேன். பட்டம் பெற்றவர்கள் மாலைநேர ஊதியத்துக்கு வர மறுத்ததால் கல்லூரி என்னை அழைத்துக்கொண்டது. அந்தக் குறை என் உள்ளத்தில் முள்ளாகவே இருந்தது. ஆகவே வகுப்பில் நான் கறாராக இருந்தேன். சொற்களின் இலக்கணங்களை, அதாவது வரையறைகளை, சொல்லி எழுத வைத்தேன். பிழையான நிரலின் மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு, விடுபட்ட வரிகளை நானே எழுதித் திருப்பித் தந்தேன். மென்பொருள் எழுதத் தொடங்குமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்க வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் முதல் அதிகாரம். அதைப் பக்கம் பக்கமாகச் சொல்லி எழுத வைத்த நான், என் எதிரே அமர்ந்திருந்தவர்களிடம் ஒன்றையும் கேட்டதில்லை.

வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் வளர்ந்தவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள். திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் அவர்களுக்குள் வாயாடி. பாடத்திட்டத்தை விளக்குகையில் நான் "இதில் ஒரு சிக்கல் இருக்கிறது" என்று தொடங்கினால், "சார், தங்கச்சி ஊரை எதுக்கு சார் வம்புக்கு இழுக்கிறீக?" என்பார். வகுப்பு சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன்.

நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்குத் தனியே எழுதி, பெயரிட்டு வைக்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'பங்ஷன்' என்பார்கள். முதன்முதலாக அச்சொல்லை நான் கரும்பலகையில் எழுதிய அன்று பட்டாளத்துக்காரர் எழுந்தார்.

"யாரு வீட்டுல சார் பங்ஷன்? காதுகுத்தா, கல்யாணமா?"

"கறிச்சோறு உண்டான்னும் கேளுங்கண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அடக்க முடியாத சிரிப்பு. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பட்டமில்லாதவன் என்பதால்தான் சிரிக்கிறார்கள் என்று அன்று உறுதியாக நம்பினேன். கரும்பலகையை அழித்துவிட்டு, "இனி இந்த வகுப்பில் இதற்குப் பெயர் 'முறை'. நல்ல தமிழில் சொல்லிப் பழகுங்கள்" என்றேன். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குள் பெருமிதமும் இருந்தது. சிரிப்பு அடங்கிற்று. "புரிகிறதா?" என்று கேட்டேன். "புரியுது சார்" என்று பதினொரு பேரும் சொன்னார்கள். அவ்வாறே இரண்டு ஆண்டுகள் நடந்தன.

மூன்று வாரங்கள் இருக்கையில் முதல்வர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். மேசை மீது தேர்வுப் பட்டியல் இருந்தது. சிக்கல் அம்மையாரின் பெயருக்கு எதிரே பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"இந்தம்மா மறுபடி எழுதி ஃபெயிலானா நம்ம ரிசல்ட்டுல அடி விழும். மாலை வகுப்பு தேவையான்னு கமிட்டியில இப்பவே கேக்கிறாங்க. நீங்க சொன்னா அந்தம்மா கேப்பாங்க. பேசாம விலகிக்கச் சொல்லுங்க."

"அவருடைய வேலை போய்விடும் ஐயா."

"ஃபெயிலானாலும் போகத்தானே போகுது?"

மறுப்புச் சொல்லாமல் வெளியே வந்தேன். அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை வகுப்பு தொடங்குமுன்னரே அவர் கணினி அறையில் அமர்ந்திருந்தார். சென்ற தேர்வில் எழுதிய நிரலை அச்செடுத்து மடியில் விரித்திருந்தார். நான் நின்றபடியே, முன்கூட்டிக் கோத்துவைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன்.

"அம்மா, இந்தத் தடவை நீங்க எழுதாம இருந்தா..."

"எழுதலைண்டா சீட்டுக் கிழிஞ்சிரும் சார்" என்றார், தலையை நிமிர்த்தாமலேயே. பின்பு அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "போறதுண்டா போகட்டும். நான் எங்கன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லிருங்க. ரெண்டு தடவையும் எர்ரரே காட்டல. ஆனா திரையில ஒண்ணும் வரல. வெள்ளையா நிக்கிது. பரீட்சைக்கு வந்த ஐயா 'போங்கம்மா'ண்டுட்டாரு."

தாளைப் பார்த்தேன். விவரங்களை வாங்கும் பகுதி, வரிசைப்படுத்தும் பகுதி, திரையில் காட்டும் பகுதி, மூன்றும் பிழையற்று இருந்தன. ஆனால் தலைமைப் பகுதியில் அவற்றை அழைக்கும் மூன்று வரிகள் இல்லை. அழைக்கப்படாத பகுதி இயங்காது; திரை வெறுமையாகத்தான் இருக்கும். அந்த மூன்று வரிகளை அவருடைய பயிற்சி ஏட்டில் நான் எத்தனையோ தடவை சிவப்பு மையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். கவனக்குறைவு என்றே எண்ணியிருந்தேன். "இதைத்தான் நூறு தடவை..." என்று வாய்வரை வந்துவிட்டது.

அச்சமயத்தில் எனக்கு ஏன் எப்போதோ என்னிடம் படித்த ஒருவரின் நினைவு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எழுபத்து நான்காம் ஆண்டில், வேலை ஏதும் கிட்டாத காலத்தில், திருவாடானைக்கு அருகே ஒரு சிற்றூரில் முதியோர் கல்வி வகுப்பு நடத்தினேன். ஐம்பது வயது விவசாயக் கூலி ஒருவருக்கு ஆட்டின் படத்தைக் காட்டி 'ஆ' கற்பித்தேன். அவர் எரிச்சலோடு சொன்னார்: "அந்த ஆட்ட மேய்க்கிறவனே நாந்தான் தம்பி. எங்கிட்டயே ஆட்டப் படம் போட்டுக் காட்டுறீகளே. எனக்குக் கோர்ட்டுல கேசு கெடக்கு. மொதல்ல 'வாய்தா'வ எழுதிக் காட்டுங்க." நான் எழுதிக் காட்டினேன். நான்கே நாள்களில் அவர் அந்தச் சொல்லைத் தம் கையால் எழுதினார். பிறகு தாமாகவே 'தா'வைக் கொண்டு 'தாத்தா'வைப் படித்தார். வளர்ந்தவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. தமக்கு எது தேவை என்று தெரிந்தும், ஏற்கெனவே அறிந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டும்தான் வருகிறார்கள். புதியதை அதனோடு பொருத்திப் பார்த்தே ஏற்கிறார்கள். இதை இருபது வயதில் அறிந்திருந்தேன். 'சார்' ஆன பிறகு மறந்துவிட்டேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் அமர்ந்தேன். "இந்த மூணு வரியை ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன். 'ஏன்' என்ற சொல்லை அவரிடம் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"நேரம் பத்தல சார். அது வெறும் பேருதானே. வேலையெல்லாம் கீழ எழுதிட்டேன்ல?"

"என்ன பேரு?"

"முறைக்காரக பேரு" என்றார். நான் விழிப்பதைக் கண்டு, எனக்கு விளங்க வைக்கும் பொறுமையோடு தொடர்ந்தார். "நீங்கதானே சார் முறைண்டு சொன்னீக. எங்க கம்மாயில முறைத் தண்ணி பாய்ச்சுவாக. இன்னாருக்குப் பெறகு இன்னாருண்டு எல்லாருக்கும் தெரியும். சிலபேரு அதை நோட்டுல எழுதி வப்பாக. எழுதாட்டியும் முறை தவறாது. அவுக அவுக முறை வந்தா மடையத் தெறந்து விட்டுருவாக. ஆளைப் போயா கூப்பிடுவாக? அதான், மொத முறை முடிஞ்சா ரெண்டாவது தானா ஓடும், அது முடிஞ்சா மூணாவது ஓடும்ண்டு நெனச்சேன். மேல நீங்க எழுதுறது நோட்டுல பேரு எழுதுற மாதிரிண்டு..."

வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்து கடற்படைத் தளத்தின் பக்கம் இறங்கிற்று. அந்த ஓசை அடங்கும்வரை பேச்சை நிறுத்திக்கொள்வது எங்கள் வகுப்பின் வழக்கம். அன்று அந்த வழக்கம் எனக்குத் துணையாயிற்று. அவர் தேர்வில் இரண்டு தடவை தோற்றது கவனக்குறைவால் அன்று, அறிவின்மையாலும் அன்று. என் சொல்லை அவர் முழுமையாக நம்பினார். சிரிப்புக்கு அஞ்சி நான் சூட்டிய அந்த நல்ல தமிழ்ப் பெயரே இரண்டு ஆண்டுகளாக அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

அதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேர்வு முடியட்டும், இப்போது சொன்னால் அவருடைய ஊக்கம் குலையும் என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் குலையும் என்று நான் அஞ்சியது என் மதிப்பு.

"இது முறை இல்லைம்மா. தானா வராது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரும்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் மற்றவர்கள் வந்து அமர்ந்திருந்தார்கள். பட்டாளத்துக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே தம் இடத்துக்குப் போனவர், பாதியில் நின்றார்.

"கூப்பிட்டாத்தான் வருமா? அப்ப அது பங்ஷன்தானே சார்! எங்க பங்காளி ஒருத்தன் இருக்கான். வாசல்ல போயி நின்னு, பேரைச் சொல்லிக் கூப்பிடணும். கையில தாம்பூலத் தட்டு இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் வரமாட்டான்."

"தட்டு இல்லாம வெறுங்கைய வீசிக்கிட்டுப் போனா?" என்று ஒருவர் கேட்டார்.

"எர்ரர்!" என்றார் பட்டாளத்துக்காரர். "தட்டுல வைக்க வேண்டியதை மாத்தி வச்சிட்டுப் போனாலும் எர்ரர்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிக்கல் அம்மையார் சிரிக்கவில்லை. தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மேல எழுதுற மூணு வரி, ஆள் விட்டுக் கூப்பிடுறதா?"

"ஆமாம்."

"பேருக்குப் பெறகு அடைப்புக்குறிக்குள்ள வைக்கிற விவரம், தட்டுல வைக்கிறதா?"

"ஆமாம்மா."

அவர் கணினியின் பக்கம் திரும்பி, அந்த நிரலில் மூன்று வரிகளைச் சேர்த்து இயக்கினார். திரையில் எழுத்துகள் வந்தன. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து சொல்லி எழுத வைப்பதை நிறுத்தினேன். அவரவர் வாழ்வில் அவரவர் நன்கு அறிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு நிரல் எழுதுமாறு சொன்னேன். சிக்கல் அம்மையார் கண்மாய்த் தண்ணீர் முறையை எடுத்துக்கொண்டார். இறப்பு நேர்ந்த வீட்டின் வயலுக்கு, வீட்டார் வராவிட்டாலும், முறை தவறாமல் நீர் பாய்ச்சிவிட வேண்டும் என்பது அவர்கள் ஊர் ஒழுங்கு. அதை நிரலில் எவ்வாறு எழுதுவது என்று இருவரும் இரண்டு மாலைகள் போராடினோம். அவர் கேட்ட சில கேள்விகளுக்கு நான் நூலைப் புரட்டித்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது. "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு மாணவரிடம் சொன்னபோது வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் ஒரு மாலை முதல்வர் கதவருகே வந்து நின்றார். உள்ளே தாம்பூலத் தட்டைப் பற்றிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"இது கிளாஸா, கல்யாண வீடா?" என்று என்னை வெளியே அழைத்துக் கேட்டார். "எக்ஸாமினர் வந்து டெஃபனிஷன் கேப்பாரு. வெத்தல பாக்குன்னா சொல்லுவாங்க? அந்தம்மாவை விலகச் சொன்னீங்களா?"

"சொல்லவில்லை ஐயா. அவர் எழுதட்டும்."

"அப்ப பொறுப்பு உங்களோடது. இந்த வகுப்பும், உங்க இடமும் சேத்துத்தான்."

வீடு செல்லும் பேருந்தில் நாள்களை எண்ணினேன். எஞ்சியவை ஆறு மாலைகள். பழையபடி இலக்கணங்களை மனப்பாடம் செய்ய வைத்தால் கேள்விக்கு ஏதேனும் ஒரு விடையாவது வாயில் இருக்கும். இந்தப் புதிய வழி பொய்த்தால் அவருக்கு அதுவும் இராது. நான் மாற்றவில்லை என்று துணிவாகச் சொல்ல இயலாது. ஒரே ஒரு இலக்கணத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தந்து, படித்து வைக்கச் சொன்னேன். என் நம்பிக்கை அவ்வளவில்தான் இருந்தது.

தேர்வு நாளில் கணினி அறையின் பொறுப்பாளன் என்ற அளவில் நான் உள்ளே நிற்கலாம், பேசக்கூடாது. மின்கலப் பெட்டியின் அருகே சுவரோடு சுவராக நின்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவராகத் தெரிந்தார். முதல்வரும் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

சிக்கல் அம்மையாரின் நிரல் இயங்கிற்று. தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, மதிப்பெண் தாளில் முந்தைய இரண்டு தோல்விகளையும் பார்த்தார். "யாராவது எழுதிக் கொடுத்ததா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"பங்ஷன்னா என்ன? டெஃபனிஷன் சொல்லுங்க."

அவர் நான் தந்த ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கினார். நான்காவது சொல்லில் தடுமாறினார். மீண்டும் தொடங்கி, அதே இடத்தில் நின்றார். முதல்வர் என்னை நோக்கித் திரும்பினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். வேண்டாமென்று ஒதுக்கிய மனப்பாட வழியிலிருந்து அச்சத்தால் நான் எடுத்துத் தந்த அந்த ஒரு வாக்கியமே அவரை மறித்து நின்றது.

தேர்வாளர் பெருமூச்சு விட்டு, விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். தலைமைப் பகுதியிலிருந்த மூன்று வரிகளையும் நீக்கினார். "இப்ப ரன் பண்ணா என்ன வரும்? தொடாம சொல்லுங்க."

அம்மையார் திரையைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். ஆனால் அந்தக் கணத்தில் விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் கடந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த ஓசை எப்போதும் கால் நிமிடத்தில் அடங்கிவிடும். அன்று அடங்க மறுத்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் தேர்வாளர்.

"ஒண்ணும் வராதுண்டு சொன்னேன் சார்."

"கம்பைல் ஆகுமா?"

"ஆகும் சார். எர்ரரே காட்டாது. அதான் மோசம்." நிரலின் கீழ்ப்பகுதியைச் சுட்டினார். "வேலை தெரிஞ்சவுக எல்லாரும் உள்ளதான் இருக்காக. ஆனா யாரும் போயிக் கூப்பிடல. பேரைச் சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கையில வச்சுக் கூப்பிட்டாத்தான் எந்திரிச்சு வருவாக. வந்து வேலைய முடிச்சிட்டு, கூப்பிட்ட எடத்துக்கே பதில் சொல்லிட்டுப் போவாக. கூப்பிடலைண்டா கோடி வருசமானாலும் வரமாட்டாக. நான் ரெண்டு தடவை இந்த வெள்ளைத் திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ சார். எனக்குத் தெரியும்."

தேர்வாளர் நிரலை இயக்கினார். திரை வெறுமையாக நின்றது.

"யாரு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

அம்மையார் என் பக்கம் பார்க்கவில்லை. "நாங்க எல்லாருமா பேசிக்கிட்டதுதான் சார்" என்றார்.

தேர்வாளர் இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மதிப்பெண்ணை எழுதினார்.

முடிவு வர ஐந்து வாரங்கள் ஆயின. வந்த பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான். பதினொரு பெயர்களும் இருந்தன. கீழே பழைய விதித்தாள் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் விரலை வைத்துத் தம் பெயரை இரண்டு தடவை படித்தார். அலுவலகத்தில் சான்றிதழைச் சேர்க்க இன்னும் நாள் இருந்தது. பிற்பாடு அவர் அங்கே நிலைப்படுத்தப்பட்டார். இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெற்றபோதும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார்.

பலகையின் முன் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பசை என் விரலில் உலர்ந்துகொண்டிருந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவர் பையை எடுத்தார்.

"அம்மா" என்றேன். "முந்தி ரெண்டு தடவை நீங்க தோத்தது உங்க தப்பு இல்ல. முறைண்டு பேர் வச்சது நான். கேக்காம விட்டதும் நான்."

அவர் பையைத் தோளில் மாட்டினார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"அன்னைக்கு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தீகளே, அப்பவே எனக்கு விளங்கிருச்சு சார். நீங்களாச் சொல்றீகளாண்டு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். பின்பு, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனார்.